பவளப்பாறைப் புழுக்களை அடையாளம் காண்பதும் விவரிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முத்துக்குளித்துறைப் பக்கம் மூழ்கிப் படமெடுப்பவர்கள், விலங்கியல் படிக்கும் மாணவர்கள், மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் எனப் பலரும் ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்: “இது என்ன புழு? பெயர் சொல்லுங்கள்.” பல நேரம் பெயர் சொல்ல முடிவதில்லை. ஏன் முடிவதில்லை, முடிய வேண்டுமென்றால் என்னென்ன வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

பவளப்பாறையில் அவ்வளவு புழுக்களா இருக்கின்றன?

நினைப்பதைவிட மிக அதிகம். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ஹெரான் தீவு இருக்கிறது. அங்கே எடுத்த 4.7 கிலோ எடையுள்ள ஒரே ஒரு பவளக் கட்டியை உடைத்துப் பார்த்த கடல் உயிரியலாளர் ஃபிரெடெரிக் கிராஸ்ல், அதற்குள் 1,441 பாலிகீட்டுகளை எண்ணினார். அவை 103 சிற்றினங்களைச் சேர்ந்தவை. 1973-இல் வெளியான கணக்கு இது. பாலிகீட்டுகள் என்பவை வளைதசைப்புழுக்களில் ஒரு பெரிய கூட்டம்: கண்டம் கண்டமாகப் பிரிந்த உடல், ஒவ்வொரு கண்டத்தின் இரு பக்கமும் பக்கக்கால்கள், அவற்றில் கற்றையாகச் சுணைகள், அதாவது முள் போன்ற மயிர்கள்.

உயிருள்ள பவளத்தின் மேற்பரப்பில் நமக்குத் தெரிபவை கொஞ்சம்தான். மீதிக் கூட்டமெல்லாம் செத்த பவளத்தின் அடிப்பகுதியிலும், உடைந்து குவிந்த துண்டுகளுக்கு நடுவிலும், கடற்பஞ்சின் துளைகளிலும், பாறை இடுக்கு மணலிலும் இருக்கிறது. மேலே நீந்திக்கொண்டே பார்ப்பவர் கண்ணில் இவை படுவதே இல்லை.

நான் பார்த்தது புழுதானா?

முதலில் இதைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். நீளமாக, வழவழப்பாக இருப்பதெல்லாம் ஒரே கூட்டம் அல்ல.

தாள் போல மெலிந்து, ஓரம் அலை அலையாக நெளிய, பளிச்சென்ற நிறத்தில் ஊர்ந்தால் அது பெரும்பாலும் தட்டைப்புழு. ஓடில்லாத கடல் நத்தைகளோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். முதுகில் செவுள் கொத்து இருந்தால் நத்தை. செவுளே இல்லாமல், முன் ஓரம் மடிந்து இரண்டு கொம்பு போல நின்றால் தட்டைப்புழு. ஆனால் சில கடல் நத்தைகளுக்கும் முதுகில் செவுள் வெளியே தெரியாது. அதனால் உடலின் தடிமனையும் சேர்த்துப் பாருங்கள்.

கண்டமும் சுணையும் இல்லாமல், நாடா போல நீண்டு சுருண்டு கிடந்தால் நாடாப்புழு, அதாவது நெமர்டீன். வெண்ணிற உடலில் கருங்கோடு ஓடும் பேசியோடிஸ்கஸ் ஹெம்ப்ரிச்சி இந்தியப் பெருங்கடல் பவளத்திட்டுகளில் உண்டு.

செத்த பவளத்தை உடைக்கும்போது வேர்க்கடலை வடிவத்தில் தடித்த ஒன்று விழுந்து, மெல்லிய முன்பகுதியை உள்ளே இழுத்துக்கொண்டால் அது சைபங்குலா. இதைத் தனித் தொகுதியாகவே வெகுகாலம் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு வளைதசைப்புழுக்களோடு சேர்த்துவிட்டார்கள்.

மணலில் புதைந்து, எளிதில் அறுந்துபோகும் மென்மையான மஞ்சள் உடலோடு, கூம்பு போன்ற முன்முனையோடு இருந்தால் அது ஏகோர்ன் புழுவாக இருக்கலாம். ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரை ஒட்டிய குருசடைத் தீவின் டைகோடெரா ஃபிளாவா இப்படித்தான் இந்திய விலங்கியல் மாணவர்களிடையே பெயர் பெற்றது. பெயரில் புழு இருந்தாலும் உறவு முறையில் இது முதுகெலும்பிகளுக்குத்தான் கிட்ட வருகிறது.

கடைசியாக, ஒரு மீட்டருக்கு மேல் நீண்டு, தொட்டால் கையில் ஒட்டிக்கொண்டு, வாயைச் சுற்றி இறகு போன்ற கைகளை ஆட்டினால், அது புழுவே அல்ல. சினாப்டா என்ற கடல் அட்டை.

‘கிறிஸ்துமஸ் மரப் புழு’ என்று எல்லோரும் சொல்வது எது? நிறத்தை வைத்துப் பிரிக்கலாமா?

ஸ்பைரோபிராங்கஸ் பேரினம். போரைட்டஸ் போன்ற திரண்ட பவளங்களில், சுண்ணாம்புக் குழாய்க்குள் உடலை வைத்துக்கொண்டு, இரண்டு சுருள் விசிறிகளை மட்டும் வெளியே விரித்திருக்கும். நிழல் பட்டால் சட்டென்று உள்ளே போய், ஒரு மூடியால் வாசலை அடைத்துக்கொள்ளும்.

நிறத்தை வைத்துப் பிரிக்கவே கூடாது. ஒரே சிற்றினத்தில் நீலம், மஞ்சள், பழுப்பு, வெள்ளை எல்லாம் ஒரே பவளத்தில் அடுத்தடுத்து இருக்கும். பார்க்க வேண்டியது அந்த மூடியை: அதன் தட்டு என்ன வடிவம், அதிலிருந்து எழும் கொம்புகள் எத்தனை, எப்படிக் கிளைக்கின்றன. விசிறிகள் விரிந்திருக்கும்போது மூடி அவற்றுக்கு நடுவே ஒரு பக்கமாக நிற்கும். மேலிருந்து மட்டும் படமெடுத்தால் அது தெரியாது. சாய்வாக, பக்கத்திலிருந்தும் ஒரு படம் எடுங்கள்.

இன்னொரு விஷயம். இணையத்தில் இந்தப் படம் எங்கே வந்தாலும் ‘ஸ்பைரோபிராங்கஸ் ஜைகாண்டியஸ்’ என்று போட்டுவிடுகிறார்கள். அந்தப் பெயர் 1766-இல் இயற்கை ஆய்வாளர் பல்லாஸ், கரீபியன் கடலில் கிடைத்த புழுவுக்கு வைத்தது. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் இருப்பவை வேறு, ஸ்பைரோபிராங்கஸ் கார்னிகுலேட்டஸ் என்ற பெயரைச் சுற்றியுள்ள கூட்டம். மன்னார் வளைகுடாப் படத்துக்குக் கரீபியன் பெயர் போடுவதை விட்டுவிடலாம்.

விசிறி இருக்கிறது, ஆனால் குழாய் தோல் மாதிரி இருக்கிறது. அது எது?

சபெல்லிடே குடும்பம். குழாய் சுண்ணாம்பாக, கெட்டியாக இருந்தால் செர்புலிடே. சேறும் சளியும் சேர்ந்து வளைந்து கொடுத்தால் சபெல்லிடே. மூடியும் இருக்காது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே விசிறிப் புழுக்களில் பாதிக் குழப்பம் தீரும்.

மணல் மேல் நூடுல்ஸ் மாதிரி வெள்ளை இழைகள் மட்டும் கிடக்கின்றன. உடல் எங்கே?

கல்லுக்கு அடியிலோ இடுக்கிலோ ஒளிந்திருக்கிறது. டெரெபெல்லிடே குடும்பம். அந்த இழைகள் அதன் வாயருகே முளைப்பவை. ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளம் ஓடும், அதன் வழியே உணவுத் துணுக்குகள் நகர்ந்து வாய்க்குப் போகும். இழையை மட்டும் படமெடுத்துச் சிற்றினம் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. செவுள்கள் எத்தனை ஜோடி, எந்தக் கண்டத்திலிருந்து கொக்கிச் சுணைகள் தொடங்குகின்றன என்பதெல்லாம் உடலில்தான் இருக்கிறது.

சுணை குத்திவிட்டது. ஆபத்தா?

ஆம்பினோமிடே குடும்பத்து நெருப்புப்புழுவாக இருக்கும். இதன் சுணைகள் சுண்ணாம்பால் ஆனவை, தோலில் ஏறி உடைந்து நிற்கும். கம்பளிப்பூச்சி பட்ட மாதிரி எரிச்சல், தடிப்பு, அரிப்பு. தேய்க்காதீர்கள், தேய்த்தால் இன்னும் உள்ளே போகும். ஒட்டும் நாடாவை வைத்து மெல்ல உரித்தெடுத்தால் பெரும்பாலானவை வந்துவிடும். வீக்கம் பரவினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

நம் பக்கம் இழுவலையில் அடிக்கடி வரும் நெருப்புப்புழு குளோயியா. அகன்ற உடல், முதுகின் நடுவில் கண்டத்துக்கு ஒன்றாகக் கரும்புள்ளி. வலையைப் பிரிக்கும்போது கையுறை போடுவது நல்லது.

ஒரு புகைப்படம் போதாதா? பறவைகளுக்குப் போதுமே!

சில புழுக்களுக்குப் போதும். மேலே சொன்ன குளோயியா போன்றவற்றைப் படத்திலேயே பேரினம் வரை சொல்லிவிடலாம். பளிச்சென்ற தட்டைப்புழுக்கள் சிலவற்றை நிறக்கோலத்தை வைத்து ஓரளவு நெருங்கலாம். ஆனால் தட்டைப்புழுவிலும் உறுதி வேண்டுமென்றால் உடலை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயம் ஏற்றி, இனப்பெருக்க உறுப்புகளைப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான பாலிகீட்டுகளில் சிற்றினத்தைப் பிரிக்கும் அடையாளம் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவில் இருக்கிறது. அதைப் படம் பிடிக்கும் கேமரா தண்ணீருக்கு அடியில் இல்லை. அதனால் ‘யூனிஸ் பேரினம், சிற்றினம் தெரியவில்லை’ என்று எழுதுவது தோல்வி அல்ல. தவறான முழுப் பெயரைவிட அந்தப் பாதிப் பெயர் எத்தனையோ மடங்கு பயன்படும். அதை நம்பி அடுத்தவர் மேலே வேலை செய்யலாம்.

நுண்ணோக்கியில் வைத்தால் எதைப் பார்க்க வேண்டும்?

குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். பவளத்துக்குள் அடிக்கடி கிடைக்கும் யூனிசிடே குடும்பத்தை எடுத்துக் காட்டுகிறேன்.

முதலில் தலை. முகப்பில் எத்தனை உணர்நீட்சிகள்? மூன்றே இருந்தால் லைசிடிஸ். ஐந்து இருந்தால் அடுத்த இடத்துக்குப் போங்கள்: தலைக்குப் பின்னால் சுணையில்லாத இரண்டு வளையங்கள் இருக்கும். அந்த இரண்டாவது வளையத்தின் முதுகில் ஒரு ஜோடி சிறு இழைகள் இருக்கின்றனவா? இல்லையென்றால் மார்ஃபைசா. இருந்தால் யூனிஸ் அல்லது அதற்கு நெருங்கிய பேரினங்கள்.

அப்புறம் செவுள். எத்தனையாவது சுணைக்கண்டத்தில் தொடங்குகிறது, எதில் முடிகிறது, நடு உடலில் ஒரு செவுளுக்கு எத்தனை இழைகள்? எண்ணி எழுதுங்கள். கண்டங்களை எண்ணும்போது ஊசிமுனையை வைத்து ஒவ்வொன்றாக நகருங்கள், பத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கண்டம் தவறினால் அடையாளத் திறவுகோலில் (கேள்வி கேள்வியாகப் பிரித்துப் பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியலில்) வேறு சிற்றினத்துக்குப் போய்விடுவீர்கள்.

பிறகு நடு உடலிலிருந்து ஒரு பக்கக்காலை வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு கிளிசரினில் வைத்து மூடுங்கள். ஒளியை ஊடுருவ விட்டால், பக்கக்காலுக்குள் தாங்குகோலாக நிற்கும் தடித்த ஊசியும், அதன் கீழே வெளியே எட்டிப்பார்க்கும் ஒரு கொக்கியும் தெரியும். அந்தக் கொக்கி மஞ்சளா, கறுப்பா? முனையில் எத்தனை பல்? மஞ்சளும் மூன்று பல்லும் ஒரு கூட்டம், கறுப்பும் இரண்டு பல்லும் இன்னொரு கூட்டம். கொக்கியும் இல்லை, சீப்பு வடிவச் சுணையும் இல்லை என்றால் பலோலா. சமோவாவில் அக்டோபர், நவம்பர் மாதங்களில், தேய்பிறையின் அரைநிலவை ஒட்டிய நாட்களில் இனப்பெருக்கப் பின்னுடல்களை அறுத்து மேலே அனுப்புமே, அதே பேரினம். அங்கே மக்கள் வலையால் அள்ளி உணவாக்குகிறார்கள்.

நெரீடிடே குடும்பமென்றால் தொண்டையைப் பார்க்க வேண்டும். வெளியே புரண்டு வரும் அந்தத் தொண்டையில் ஒரு ஜோடி தாடையும், சிறுசிறு கறுத்த பற்களும் இருக்கும். எந்தப் பகுதியில் எத்தனை பல் என்பதுதான் அடையாளம். சாகும்போது தொண்டை உள்ளேயே நின்றுவிட்டால், வயிற்றுப்புறம் கத்தியால் கீறித் திறக்க வேண்டிவரும்.

புழுவை எப்படிப் பாதுகாத்து வைப்பது?

உயிரோடு இருக்கும்போதே அளவுகோலோடு படமெடுங்கள். ஆல்கஹாலில் போட்டால் நிறம் போய்விடும், திரும்ப வராது.

அடுத்து மயக்கம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் 75 கிராம் மெக்னீசியம் குளோரைடு படிகத்தைக் கரைத்து, கடல்நீரோடு சரிபாதி கலந்து அதில் விடுங்கள். புழு தளர்ந்து நீளும். தளராமல் நேராகப் பாதுகாப்புக் கரைசலில் போட்டால் சுருண்டு, வாலை உதிர்த்து, எதையும் பார்க்க முடியாத உருண்டையாகிவிடும்.

மரபணு வேலைக்கு வால்பக்கத் துண்டு ஒன்றை வெட்டி 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் தனியாக வையுங்கள். தலைப்பக்கத்தை வெட்டாதீர்கள், அடையாளமெல்லாம் அங்கேதான். மீதி உடலை, ஒரு பங்கு வணிக ஃபார்மலினுக்கு ஒன்பது பங்கு கடல்நீர் சேர்த்த கரைசலில் ஓரிரு நாள் வைத்து, நன்றாகக் கழுவி, 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு செய்ய வேண்டும்.

சீட்டைப் புட்டிக்கு உள்ளே போடுங்கள், பென்சிலில் எழுதி. பேனா மை எத்தனாலில் கரையும், வெளியே ஒட்டிய சீட்டு உரிந்து விழும். இடம், தேதி, ஆழம், எதற்குள் இருந்தது, யார் எடுத்தது. இவை இல்லாத புழு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வுக்கு உதவாது.

உலகம் முழுக்க ஒரே பெயர்கள் பட்டியலில் வருகின்றனவே, அவ்வளவு தூரம் பரவியவையா?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான்.

சில புழுக்கள் கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு உண்மையாகவே பரவியிருக்கின்றன. ஆனால் பெரும்பாலான ‘உலகப் பொதுப் பெயர்கள்’ நூல்கள் வழியே பரவியவை. பிரெஞ்சு அறிஞர் பியர் ஃபோவெல், இந்தியா, இலங்கை, பர்மா, மலாயா பகுதிகளின் பாலிகீட்டுகளுக்கு 1953-இல் ஒரு பெரிய நூல் எழுதினார். அபாரமான உழைப்பு, இன்றும் நம் ஆய்வகங்களில் பக்கம் புரட்டப்படுகிறது. ஆனால் அன்றைய வழக்கப்படி, நம் கடல் புழு ஐரோப்பியப் புழுவைப் போல இருந்தால் அதற்கும் ஐரோப்பியப் பெயரே வைக்கப்பட்டது. அதன் பிறகு வந்தவர்கள் அந்தத் திறவுகோலில் போட்டுப் பார்த்து, அதே பெயருக்கு வந்து சேர்ந்தார்கள். பட்டியல் பட்டியலாகப் பெயர் நிலைத்துவிட்டது.

மார்ஃபைசா சாங்குவினியாவைப் பாருங்கள். இங்கிலாந்துக் கரையிலிருந்து விவரிக்கப்பட்ட புழு. ஆனால் உலகின் எந்த மூலையில் மார்ஃபைசா கிடைத்தாலும் இந்தப் பெயர்தான். கடந்த சில ஆண்டுகளில் ஒவ்வொரு கரையாகத் திரும்பப் பார்த்தபோது, தனித்தனிச் சிற்றினங்கள் வெளிவந்தன. சென்னை வட்டாரத்திலிருந்து 2020-இல் மார்ஃபைசா மதராசி என்று ஒன்று விவரிக்கப்பட்டது. நெருப்புப்புழு யூரிதோ காம்ப்ளனாட்டாவும் அப்படித்தான்: 2010-இல் வந்த மரபணு ஆய்வு, அந்த ஒரே பெயருக்குள் வெவ்வேறு சிற்றினங்கள் ஒளிந்திருப்பதைக் காட்டியது.

அதனால் ஒரு பெயரைப் போடும் முன் அதன் முதல் விவரிப்பு எந்த ஊர்க் கடலிலிருந்து என்று பாருங்கள். உலகக் கடலுயிர்ப் பெயர்ப்பட்டியலான வோர்ம்ஸ் தளத்தில் பெரும்பாலும் கிடைக்கும். அது வட அட்லாண்டிக்காக இருந்து, உங்கள் புழு தூத்துக்குடிக் கடலடிப் பாறைத்திட்டில் கிடைத்ததாக இருந்தால், சந்தேகப்படுங்கள். மறுபக்கம், நம் கடலிலிருந்தே முதலில் விவரிக்கப்பட்ட பெயர்களும் உண்டு. இலங்கை முத்துச்சிப்பி ஆய்வுக்காக 1902-இல் விலங்கியலாளர் ஹெர்ட்மன் சேகரித்த புழுக்களை ஆர்தர் வில்லி 1905-இல் விவரித்தார். அந்தப் பழைய பக்கங்களை நம் மாணவர்கள் முதலில் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒழுங்காகத் தேடினால் எவ்வளவு புதியவை கிடைக்கும்?

லிசர்ட் தீவுக் கதையைச் சொல்கிறேன். கிரேட் பேரியர் ரீஃபின் வடபகுதியில் உள்ள அந்தத் தீவில் 2013 ஆகஸ்டில் பல நாட்டுப் பாலிகீட்டு வல்லுநர்கள் கூடி, ஆளுக்கொரு குடும்பமாகப் பிரித்துக்கொண்டு வேலை செய்தார்கள். பாட் ஹட்சிங்ஸும் எலெனா குப்ரியனோவாவும் தொகுத்து 2015-இல் வெளியான முடிவுகளில் சுமார் 90 புதிய சிற்றினங்கள் இருந்தன. பல ஆண்டுகளாக ஆராய்ச்சி நிலையம் இயங்கிவரும் தீவு அது! வல்லுநர்களே எட்டிப்பார்க்காத பவளத்திட்டுகளில் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

புதிய சிற்றினம் என்று தோன்றுகிறது. அடுத்து என்ன?

பொறுமை. அந்தப் பேரினத்தில் இதுவரை விவரிக்கப்பட்ட எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும், முடிந்தால் அருங்காட்சியகத்தில் இருக்கும் மூல மாதிரிகளையே வாங்கிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு புழுவை வைத்து எழுதாமல், சிறியது பெரியது எனப் பல மாதிரிகள் வைத்திருப்பது நல்லது. யூனிசிடேயில் செவுள் தொடங்கும் கண்டம் உடல் வளர வளர மாறலாம். குட்டியையும் தாயையும் இரண்டு சிற்றினமாக்கிய சம்பவங்கள் இப்படித்தான் நேர்ந்தன.

விவரிப்பில், பெயருக்கு உரிய ஒரே மாதிரியை ‘ஹோலோடைப்’ என்று குறித்து, பொது அருங்காட்சியகத்தில் வைத்து, அதன் பதிவு எண்ணைத் தர வேண்டும். இந்தியாவில் கண்டதென்றால், 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி, அரசு அங்கீகரித்த காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வு மையம் அப்படிப்பட்ட ஒன்று. மின்னிதழில் மட்டும் வெளியிட்டால் விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான சூபேங்கில் பதிவும் தேவை.

பெயர் உங்கள் விருப்பம். லிசர்ட் தீவில் கிடைத்த ஒரு டெரெபெல்லிடுக்கு, அந்தத் தீவின் ஆய்வுக்கு நிதி தரும் அறக்கட்டளையின் முதலெழுத்துகளைச் சேர்த்து ரெட்டெடெரெபெல்லா லிர்ஃப் என்று வைத்தார்கள்.

மரபணு பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடாதா?

ஒப்பிட ஏதாவது இருந்தால்தான் தெரியும். பெயர் தவறாகப் போட்ட மரபணு வரிசை தரவுத்தளத்தில் இருந்தால், உங்களுக்கும் அதே தவறான பெயர்தான் வரும். உடலமைப்பும் மரபணுவும் ஒரே மாதிரியிலிருந்து வந்தால்தான் இரண்டுக்கும் பலம்.

புழுக்கள் பவளத்துக்குக் கெடுதலா?

சில துளைக்கின்றன, சில தின்கின்றன. அக்ரோபோரா என்ற பவளத்தைத் தின்னும் அமக்குசாபிளானா என்ற தட்டைப்புழு மீன்தொட்டிக்காரர்களுக்குப் பெரிய தொல்லை. ஆனால் ‘புழு இருக்கிறது, பவளம் நோயுற்றிருக்கிறது’ என்று முடிவு கட்டாதீர்கள். புழு இல்லாத பவளத்திட்டே கிடையாது.

மன்னார் வளைகுடாவில் நானே சேகரிக்கலாமா?

அனுமதி இல்லாமல் கூடாது. 21 தீவுகளைச் சுற்றிய கடல்சார் தேசியப் பூங்காவில் வனத்துறையின் அனுமதி கட்டாயம். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், புழுவுக்காகச் செத்த பவளத் துண்டை எடுப்பதும் குற்றமாகலாம். ஆய்வு மாணவரென்றால் துறை வழியே விண்ணப்பியுங்கள்.

அனுமதியும் நுண்ணோக்கியும் இல்லை. நான் என்ன செய்ய முடியும்?

படங்களை ஒழுங்காக எடுத்து அனுப்புங்கள். முழு உடல் ஒன்று, தலை நெருக்கமாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அது இருந்த இடம் தெரிய ஒன்று, அளவுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு பொருள். ஆழத்தையும் நேரத்தையும் அன்றே எழுதிவையுங்கள். இரவில் மூழ்குபவர்களின் படங்கள் தனி மதிப்புள்ளவை. பகலில் இடுக்கை விட்டு வராத யூனிசிடுகளும் நெருப்புப்புழுக்களும் அப்போதுதான் வெளியே நடமாடும். விளக்கை நேராக அடித்தால் பின்வாங்கிவிடும். சிவப்பு ஒளியில் கிட்டே போய், படமெடுக்கும் நேரம் மட்டும் வெள்ளை விளக்கைப் போடுங்கள்.